சுருட்டின் இழுவை இறுக்கம்

புதிதாகக் கையால் சுற்றிய சுருட்டில் புகை தாராளமாக வராமல் திணறும் குறை. திருச்சிச் சுருட்டுக்கும் இது பொது. ஈர இலை உப்பியிருப்பதே பெரும்பாலும் காரணம். சில வாரம் ஆறவிட்டால் இலை சுருங்கி வழிவிடும். மரக்காணம் போன்ற உப்பளக் கரையில் திறந்து வைத்தால் கடற்காற்று ஈரத்தைப் போகவிடாது. மூடிய டப்பாவே நல்லது. அதில் வைக்கும் ஈரமானியைச் சரிபார்க்க உப்பே போதும்: சிறிது நீரில் குழைத்த உப்பு, மூடிய டப்பாவின் ஈரப்பதத்தை ஏறத்தாழ 75 விழுக்காட்டில் நிறுத்தும்; ஈரமானியும் அதையே காட்ட வேண்டும். உப்பளத்துக் கல்லுப்பில் மெக்னீசியம் கலந்திருப்பதால் அளவு சற்றே பிசகும். சுத்திகரித்த தூளுப்பு நம்பகமானது. ஆனால் இறுகிய சுருட்டை வைத்திருக்க 75 விழுக்காடு அதிகம், 65 போதும். உள்ளிலை முறுக்கி முடிச்சாகியிருந்தால் காத்திருந்து பயனில்லை. கெட்டியான இடத்தை விரலிடையே மெல்ல உருட்டி நெகிழ்த்தலாம். நீள ஊசியால் துளைத்தால் மேலிலை கிழியக்கூடும்.