பிடியரிசி முதல் அசனம் வரை: திருநெல்வேலிக் கிறிஸ்தவ ஊர்களில் பிறரன்பு

திருநெல்வேலிச் சீமையின் சீர்திருத்தக் கிறிஸ்தவ ஊர்களில் பிறரன்பு அன்றாட ஏற்பாடுகளாக வேரூன்றியது. அடுப்பங்கரையில் ஒரு கலயம், அடைக்கலம் தேடி வந்தோருக்கு நிலம், விதவைக்கு ஒரு நிதி, ஊர் முழுவதும் உட்காரும் ஒரு பந்தி என அது பல வடிவம் எடுத்தது. சமைக்கும் அரிசியில் ஒரு பிடி எடுத்துவைக்கும் பிடியரிசி கிறிஸ்தவத்துக்கு முன்பே தமிழர் வீடுகளில் இருந்த தருமம். கூட்டு விருந்தும் அப்படியே. பழைய வழக்கங்களைப் புதிய சமயம் தன் போதனையோடு இணைத்து நிலைநிறுத்தியதே இந்த ஊர்களின் வரலாறு.

திருநெல்வேலிச் சபையின் முதல் அடையாளங்களில் ஒன்று ஒரு கிணறு. பாளையங்கோட்டையில் வாழ்ந்த மராத்தியப் பிராமண விதவை கிளாரிந்தா 1778இல் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றார். கிளாரிந்தாவின் முயற்சியில் எழுந்த சிறு ஆலயம் 1785இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. மக்களின் தண்ணீர்த் தேவைக்காக அவர் ஒரு கிணறும் வெட்டுவித்தார். பாப்பாத்தியம்மாள் கோயில், பாப்பாத்தியம்மாள் கிணறு என்று அவர் பெயரால்தான் ஊரார் இரண்டையும் அழைத்தார்கள்.

அடுத்து வந்தது அடைக்கலம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பனையேறும் குடும்பங்கள் பல கிறிஸ்தவத்தில் சேர்ந்தன. ஏறும் மரமும் குடியிருக்கும் மனையும் பிறருடையவை என்பதால், மதம் மாறியவர்கள் பிழைப்பையும் வீட்டையும் ஒருசேர இழக்க நேர்ந்தது. சுந்தரானந்தம் தாவீது என்ற உபதேசியார் 1799இல் நிலம் வாங்கி அவர்களைக் குடியமர்த்தினார். அந்தக் குடியிருப்பே முதலூர். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனெரி இரேனியஸ் ஐயர் இதே வேலையைச் சபை முழுவதற்குமான ஏற்பாடாக்கினார். 1830இல் தொடங்கிய தர்ம சங்கம், சபையாரிடம் பணம் திரட்டி நிலமும் மனையும் வாங்கி, துரத்தப்பட்டவர்களுக்குக் கொடுத்தது. உபதேசியார் இறந்துவிட்டால் அவர் மனைவி நிர்க்கதியாக நிற்காதபடி விதவைகள் நிதியும் ஏற்பட்டது. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் தாங்களே வறியவர்கள்.

வறியவர் கொடுக்க வேண்டுமானால் அதற்கேற்ற அளவு வேண்டும். அந்த அளவுதான் கைப்பிடி. உலையில் போட அரிசி அளந்ததும், கழுவுவதற்கு முன், வீட்டுப் பெண் அதிலிருந்து ஒரு பிடி அள்ளித் தனிக் கலயத்தில் போடுவார். அன்றைய சோற்றில் அந்தக் குறை தெரியாது. வாரக் கடைசியில் கலயம் ஓரளவு நிறைந்திருக்கும். அதை ஆலயத்துக்குக் கொண்டுபோவார்கள். சில ஊர்களில் சபைப் பெண்களே வீடு வீடாக வந்து வாங்குவார்கள். சேர்ந்த அரிசி இல்லாதவர் வீட்டுக்குப் போகும், அல்லது விற்கப்பட்டுப் பணமாகச் சபை நிதியில் சேரும். அறுப்பின் பண்டிகையில் கருப்பட்டி, வாழைத்தார், தேங்காய், கோழி, ஆட்டுக்குட்டி என விளைந்ததையும் வளர்த்ததையும் படைத்து ஏலம் விடுவது இதன் பெரிய வடிவம். கையில் காசு புழங்காத பெண்களும் கொடையாளர் ஆனதே பிடியரிசியின் சிறப்பு.

1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம் இந்த ஏற்பாடுகளின் சக்திக்கு மீறிய சோதனையாக வந்தது. வெளியிலிருந்து வந்த நிவாரணத்தையும் சேர்த்துச் சபைகள் கஞ்சி வார்த்தன. சபையில் சேர்ந்தவர் தொகை திடீரெனப் பெருகியது. சோற்றுக்காகச் சேர்ந்தார்கள் என்ற விமர்சனமும் எழுந்தது. ஆனால் பஞ்சம் தீர்ந்த பிறகும் அனாதைப் பிள்ளைகள் எஞ்சினார்கள். 1876இல் இப்பகுதியிலுள்ள நாசரேத் ஊருக்கு வந்த மிஷனெரி மர்காசிஸ் ஐயர் அவர்களுக்கு இல்லம் அமைத்தார். ஆதரவற்ற பிள்ளைக்குச் சோற்றோடு ஒரு தொழிலும் வேண்டும் என்பது அவர் எண்ணம். 1878இல் தொடங்கிய தொழிற்பள்ளி அதிலிருந்து பிறந்தது.

ஒதுக்கப்பட்டவர் யார் என்று தேடும் பார்வை அதன்பின் விரிந்தது. பாளையங்கோட்டையில் மிஷனெரிகளான ஆஸ்க்வித் அம்மையார் 1890இல் பார்வையற்றோருக்கும், சுவெய்ன்சன் அம்மையார் 1897இல் காது கேளாதோருக்கும் பள்ளி தொடங்கினார்கள். இத்தகைய பிள்ளைகளைப் பலர் முற்பிறவி வினையின் பயனாகவோ குடும்பத்தின் சுமையாகவோ கண்ட காலம் அது. அவர்களுக்கு எழுத்தும் கைத்தொழிலும் கற்பிக்க முடியும் என்பதே பலருக்குப் புதுச் செய்தி. 1901இல் டோனாவூரில் குடியேறிய மிஷனெரி ஏமி கார்மைக்கேல், இந்துக் கோயில்களுக்கு நேர்ந்துவிடப்படவிருந்த சிறுமிகளுக்கு அடைக்கலம் கொடுத்தார். அவர் 1951இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார்.

இந்த அன்பு தடுக்கி விழுந்த இடம் சாதி. பிடியரிசியை எந்த வீட்டிலிருந்தும் வாங்கலாம். அந்த வீட்டில் உட்கார்ந்து உண்பது வேறு. ஆலயத்தில் தனி இடம், தனித்தனிப் பந்தி என்ற வழக்கங்கள் தமிழ்ச் சபைகளில் நீண்ட காலம் நிலவின. தம் பள்ளி மாணவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் உண்ண வேண்டும் என்று இரேனியஸ் வற்புறுத்தியபோது எதிர்ப்பு எழுந்தது. 1833இல் பேராயர் டேனியல் வில்சன், சாதி வேற்றுமைகளைச் சபையிலிருந்து நீக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியதும் தஞ்சாவூர் முதலிய இடங்களில் பலர் பிரிந்து போனார்கள். வெள்ளைக்கார ஊழியருக்கும் இந்திய ஊழியருக்கும் இடையிலும் இதே போன்ற சுவர் இருந்தது. வெள்ளாளன்விளையில் பிறந்த இந்திய ஊழியர் அசரியா, 1910இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் அதை நேருக்கு நேர் எடுத்துச் சொன்னார். மிஷனெரிகள் எவ்வளவோ தியாகம் செய்கிறார்கள், ஆனால் நட்பைத் தரவில்லை என்பதே அவர் பேச்சின் சாரம். கொடுக்கிறவர் மேலேயும் வாங்குகிறவர் கீழேயும் நிற்கும்வரை அன்பு முழுமையாகாது என்பதை அந்தப் பேச்சு உணர்த்தியது. 1903இல் பாளையங்கோட்டையில் அவர் முன்னின்று தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம், இந்தியர் பணத்தாலும் இந்தியர் உழைப்பாலும் மட்டுமே நடக்கும் என்று ஏற்கெனவே உறுதி பூண்டிருந்தது.

அசனம் என்னும் பொது விருந்து இந்தப் பின்னணியில்தான் முழுப் பொருள் பெறுகிறது. ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையை ஒட்டிச் சபையார் வரி பிரித்தும் காணிக்கை சேர்த்தும் பொதுவாகச் சமைக்கிறார்கள். முந்தின இரவே காய்கறி நறுக்கவும் தேங்காய் துருவவும் ஆண்களும் பெண்களும் கூடிவிடுவார்கள். ஆலய வளாகத்தில் பெரிய அண்டாக்களில் சோறும் குழம்பும் வேகும். ஜெபம் முடிந்ததும் இலை போடப்படும். நிலக்காரரும் கூலிக்காரரும், சென்னையிலிருந்து வந்தவரும் ஊரிலேயே இருப்பவரும் ஒரே வரிசையில் உட்காருகிறார்கள். பக்கத்து ஊர் இந்துக்களும் முஸ்லிம்களும் வந்து உண்பதுண்டு. தனிப்பந்திக்காகச் சண்டையிட்ட சபைகளின் சந்ததியாருக்கு இது சிறிய மாற்றமல்ல.

இன்று பல வீடுகளில் கலயத்தின் இடத்தைக் காணிக்கை உறை பிடித்துவிட்டது. பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்குமான பாளையங்கோட்டைப் பள்ளிகள் இரண்டும் தொடர்ந்து நடக்கின்றன. அசனமும் ஆண்டுதோறும் நடக்கிறது. ஆனாலும் சாதி சபையைவிட்டு முற்றிலும் போய்விடவில்லை. திருமணப் பேச்சிலும் சபைத் தேர்தலிலும் அது தலைகாட்டுகிறது. பிடியரிசி கொடுக்கப் பழக்கியது. அசனம் சேர்ந்து உண்ணப் பழக்கியது. இரண்டாவது பழக்கமே கடினமானது; முதலாவதற்குப் பொருள் தருவதும் அதுவே.