கடல்நீர் மீன் தொட்டி வச்சிருக்கீங்களா? கையில் அரிப்பு, தடிப்பு, ஆறாத கட்டி வந்தா டாக்டரிடம் முதலில் இதைச் சொல்லுங்க

70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால்தான் கொல்லிமலை. மிளகும் காபியும் பலாவும் விளைகிற மலை. இங்கிருந்து எந்தக் கடற்கரைக்குப் போகவும் பல மணி நேரம் ஆகும். பள்ளியில் படித்த ஐந்திணைக் கணக்கில் சொன்னால், அசல் குறிஞ்சி நிலம்.

ஆனால் குறிஞ்சிக்குள் நெய்தலைக் கொண்டு வருவது இப்போது பெரிய காரியமே இல்லை. ஒரு கண்ணாடித் தொட்டி, வடிகட்டிய தண்ணீர், செயற்கைக் கடல் உப்பு இருந்தால் போதும். ஒரு லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு கலந்தால் கடல்நீர் ரெடி. மலை மேல் இருக்கும் வீட்டு வரவேற்பறையிலும் நீமோ மீன் நீந்தும்.

பிரச்சினை எங்கே வருகிறது என்றால், கடல் இல்லாத ஊரில் 'கடல் நோய்' வரும்போதுதான். தோட்ட வேலை பார்க்கும் ஒருவர் கையில் தடிப்போடு போனால், பூச்சிக்கடி, செடி ஒவ்வாமை, படர்தாமரை என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். வீட்டில் இருக்கும் மீன் தொட்டி யாருக்கும் ஞாபகம் வராது. அவரும் சொல்ல மாட்டார். அந்த ஒரு தகவல் விட்டுப்போனால், சில வாரத்தில் கண்டுபிடிக்க வேண்டிய நோய் மாதக்கணக்கில் இழுத்துவிடும்.

தொட்டியில் கை வைப்பதால் தோலுக்கு என்னென்ன வரலாம்? எது சாதாரணம், எது ஆபத்து? விரிவாகப் பார்க்கலாம்.

வெறும் உப்புத் தண்ணீரே அரிக்குமா?

அரிக்கும். உப்புத் தண்ணீரில் அடிக்கடி கை நனைத்தால் தோலின் எண்ணெய்ப் பசை போய்விடும். தோல் வறண்டு, வெடித்து, எரியும். ஏற்கெனவே கரப்பான் தொந்தரவு இருப்பவர்களுக்கு இது அதிகமாகத் தெரியும். கையைக் கழுவாமல் விட்டால் உப்பு காய்ந்து, மணலைத் தேய்த்த மாதிரி உறுத்தும்.

தண்ணீரில் சேர்க்கும் பொருட்கள் இன்னொரு காரணம். பவளம் வளர்க்கும் தொட்டிகளில் கால்சியத்துக்காக நீர்த்த சுண்ணாம்புக் கரைசல் ஊற்றுவார்கள். இதன் காரத்தன்மை மிக அதிகம். ஈரக் கையோடு அந்தப் பொடியைத் தொட்டால் தோல் வெந்துபோகும். கால்சியம் குளோரைடு தண்ணீரில் கரையும்போதே சூடாகும். மீனுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோய்க்குப் போடும் மயில்துத்தம், கிருமி நீக்கப் பயன்படும் ஃபார்மலின் இரண்டும் தோலை உறுத்தும். ஃபார்மலின் சிலருக்கு ஒவ்வாமையையே உண்டாக்கிவிடும்.

மீன் தீவனமாகப் போடும் சிவப்புப் புழுவும் ஒவ்வாமை தரும். தீவனத்தைத் தொட்டதும் கை அரித்து, கண் சிவந்து, தும்மல் வந்தால் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

'சொறி'னு பேரிலேயே இருக்கே!

ஜெல்லி மீனுக்குத் தமிழில் சொறிமுட்டை என்றும் ஒரு பெயர் உண்டு. தொட்டால் சொறிய வைக்கும் என்பது பெயரிலேயே இருக்கிறது. தொட்டியில் அழகாக அசையும் கடல் சாமந்தியும் பவளமும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் உடல் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத கொட்டும் செல்கள் இருக்கும். தொட்டதும் நுண்ணிய ஊசி போல வெடித்து விஷத்தைத் தோலுக்குள் செலுத்தும். நீமோ மீனுக்கு அது வீடு, நம் கைக்கு எரிச்சல்.

இப்படிப் பட்டால் கையைத் தேய்க்காதீங்க. நல்ல தண்ணீரிலும் உடனே கழுவ வேண்டாம், வெடிக்காமல் மிச்சம் இருக்கும் செல்களும் வெடிக்க வாய்ப்பு உண்டு. முதலில் உப்புத் தண்ணீரிலேயே அலசி, ஒட்டியிருக்கும் துணுக்குகளை இடுக்கியால் எடுக்க வேண்டும். வினிகர் எல்லா வகைக்கும் ஒத்துவராது. அதனால் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றக் கூடாது.

லைவ் ராக் எனும் கடல் பாறைகளோடு சேர்ந்து முள்புழுக்களும் தொட்டிக்குள் வந்துவிடும். இதன் முட்கள் கண்ணாடி நார் மாதிரி மெல்லியவை. வெறும் கையால் பாறையை நகர்த்தினால் விரலில் கொத்தாகக் குத்திவிடும். ஒட்டும் டேப்பை அந்த இடத்தில் ஒட்டி மெதுவாக இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

சிங்கமீன் குத்தினால்?

இது அரிப்போடு நிற்காது. சிங்கமீனின் முதுகிலும் வயிற்றுப் பக்கமும் மொத்தம் 18 விஷ முட்கள் உண்டு. குத்தினால் வலி பொறுக்க முடியாது, கை வீங்கும். இந்த விஷம் சூட்டில் செயலிழக்கும் தன்மை கொண்டது. அதனால் குத்திய கையைப் பொறுக்கக்கூடிய சூட்டில், அதிகபட்சம் 45 டிகிரி செல்சியஸ் வெந்நீரில், 30 நிமிடமாவது வைத்திருக்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். சூட்டை அடிபடாத கையால் பார்க்க வேண்டும். வலியில் இருக்கும் கைக்குச் சூடு சரியாகத் தெரியாமல் தோல் வெந்துவிடலாம். அதன் பிறகு கட்டாயம் மருத்துவமனைக்குப் போக வேண்டும். முள் உள்ளே உடைந்திருக்கலாம், டெட்டனஸ் ஊசியும் தேவைப்படலாம்.

உண்மையில் பயப்பட வேண்டியது எது?

இதுவரை சொன்னதெல்லாம் சில நிமிடத்திலோ சில மணி நேரத்திலோ தெரிந்துவிடும். தொட்டியால்தான் வந்தது என்று நமக்கே புரியும். மருத்துவர்களைக் குழப்புவது, 2 முதல் 4 வாரம் கழித்து வருகிற ஒன்று. சிலருக்கு மாதங்கள் கழித்துக்கூட வரும்.

அதன் பெயர் மைகோபாக்டீரியம் மரைனம். காசநோய்க் கிருமியின் நெருங்கிய உறவு. 1926-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா மீன் காட்சியகத்தில் இறந்துபோன கடல் மீன்களில்தான் இதை முதலில் அடையாளம் கண்டார்கள். 1950-களில் நீச்சல் குளத்தில் குளித்தவர்களுக்கு வந்தது. 1962-ல் மீன் தொட்டியாலும் வரும் என்று மருத்துவ இதழில் பதிவானது. அன்றிலிருந்து இதற்கு 'மீன் தொட்டிக் கட்டி' என்றே பெயர்.

விரலிலோ புறங்கையிலோ ஒரு சின்ன சிவப்புக் கட்டி வரும். பெரிதாக வலிக்காது. மெல்லப் பெரிதாகி, மேல் தோல் சொரசொரப்பாகும், சிலருக்குப் புண்ணாக உடையும். பிறகு நிணநீர்க் குழாய் வழியாக, மணி கோத்த மாதிரி கையில் வரிசையாக மேலே ஏறும். கவனிக்காமல் விட்டால் தசைநாண், மூட்டு வரை போய்விடும்.

ஏன் கையிலேயே வருகிறது? இந்தக் கிருமி 30 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில்தான் நன்றாக வளரும். உடலின் உள் வெப்பமான 37 டிகிரி இதற்கு ஒத்துவராது. விரல்கள் உடலின் மற்ற பகுதியைவிடக் குளிர்ச்சியானவை. அதோடு தொட்டிக்குள் போவதும் அவைதான்.

நல்ல தோல் வழியாக இது உள்ளே போகாது. ஏதாவது சிராய்ப்பு, வெட்டு வேண்டும். மிளகு பறித்து, அன்னாசி முள் கீறி, கத்தி பிடித்து வேலை பார்க்கும் கைகளில் அதற்குப் பஞ்சமே இல்லை.

கடல்நீர்த் தொட்டி மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். கோல்டு ஃபிஷ் வளர்க்கும் சாதாரணத் தொட்டியிலும் இந்தக் கிருமி இருக்கலாம். சென்னை கொளத்தூரில் வாங்கி வந்ததாக இருந்தாலும், பக்கத்துத் தெருக் கடையில் வாங்கியதாக இருந்தாலும், எல்லா மீன் வளர்ப்பவர்களுக்கும் இது பொருந்தும். ஒரே நிம்மதி, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இது பரவாது.

டாக்டரிடம் ஏன் சொல்லணும்?

இதை உறுதி செய்ய, கட்டியிலிருந்து சிறு தசைத் துணுக்கு எடுத்து ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பார்கள். வழக்கமாக 37 டிகிரியில் வைப்பார்கள். அந்தச் சூட்டில் இந்தக் கிருமி சரியாக வளராது. 'எதுவும் இல்லை' என்று ரிப்போர்ட் வந்துவிடலாம். வீட்டில் தொட்டி இருக்கிறது என்று தெரிந்தால்தான், குறைந்த வெப்பத்தில் வைத்துப் பாருங்கள் என்று மருத்துவர் எழுதித் தருவார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. காசநோய்க் கிருமியின் உறவு என்பதால், காசநோய்க்கான தோல் பரிசோதனையிலும் இது 'பாசிட்டிவ்' காட்டலாம். தொட்டி பற்றிய தகவல் இல்லாவிட்டால் மருத்துவர் வேறு திசையில் தேட வேண்டியிருக்கும்.

சரியாகக் கண்டுபிடித்தால் குணமாகும் நோய்தான். ஆனால் பொறுமை வேண்டும். கிளாரித்ரோமைசின், டாக்ஸிசைக்ளின், ரிஃபாம்பிசின், எதாம்பூட்டால் போன்ற மருந்துகளில் பொருத்தமானதை மருத்துவர் தேர்ந்தெடுத்து மாதக்கணக்கில் தருவார். கட்டி மறைந்த பிறகும் சில வாரம் தொடரச் சொல்வார்கள். பாதியில் நிறுத்தக் கூடாது.

மெடிக்கல் ஷாப் க்ரீம் வேண்டாமே

நம்ம ஊரில் அரிப்பு என்றாலே மெடிக்கல் ஷாப்பில் ஒரு ட்யூப் வாங்கிப் பூசும் பழக்கம் இருக்கிறது. அதில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். 2 நாளில் சிவப்பு குறையும், குணமாகிவிட்டது என்று தோன்றும். உண்மையில் அந்த இடத்தின் எதிர்ப்பு சக்தியைத்தான் க்ரீம் குறைத்திருக்கும், கிருமி உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும். படர்தாமரையும் இப்படித்தான் முற்றுகிறது. 14 வகை ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசே அறிவித்தது.

எத்தனை நாளில் வந்தது? இதை வச்சே யூகிக்கலாம்

• சில நிமிடங்களில் எரிச்சல், தடிப்பு: கடல் சாமந்தி, பவளம், முள்புழு அல்லது ரசாயனம்.

• சில மணி நேரத்தில் வேகமாகப் பரவும் வீக்கம், கருநீலக் கொப்புளம், காய்ச்சல்: விப்ரியோ போன்ற கடல்நீர்க் கிருமி. அரிதானது, ஆனால் அவசரம். சர்க்கரை நோய், கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களுக்கு உயிருக்கே ஆபத்து.

• 2 முதல் 7 நாளில் விரலில் ஊதாச் சிவப்பு, கடும் வலி: மீன் முள் குத்திய காயத்தில் வரும் எரிசிபெலாய்டு தொற்று. பெனிசிலின் வகை மருந்துக்குக் கட்டுப்படும்.

• 2 வாரத்துக்குப் பிறகு வலி குறைவான, ஆறாத கட்டி: மீன் தொட்டிக் கட்டி.

மூச்சுத்திணறல், முகம் அல்லது உதடு வீக்கம், மயக்கம், வேகமாகப் பரவும் சிவப்பு இருந்தால் 108-ஐ அழையுங்கள். மலையிலிருந்து இறங்கும் நேரத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், 'காலையில் பார்ப்போம்' என்று தள்ளிப்போட வேண்டாம். ஆறாத கட்டி என்றால் செம்மேடு அரசு மருத்துவமனையில் காட்டி, நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் பரிந்துரை கேட்கலாம்.

பாறையைக் கொதிக்க வைக்காதீங்க

தொட்டிப் பாறையைச் சுத்தம் செய்ய வெந்நீர் ஊற்றுவதும், கொதிக்க வைப்பதும் மிக ஆபத்து. பாறையில் ஒட்டி வளரும் சோவாந்திட் என்ற சில பொத்தான் பவளங்களில் பாலிடாக்ஸின் எனும் கடும் விஷம் உண்டு. அது ஆவியோடு காற்றில் கலந்து நுரையீரலுக்குள் போகும். 2018 மார்ச்சில் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயரில் வீட்டுத் தொட்டியின் பவளத்தைச் சுத்தம் செய்தபோது இப்படி நடந்து, ஒரு குடும்பத்தினரும் உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்களும் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது.

இன்னொரு விஷயம். பாறை போன்ற கடின பவளங்கள் நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் அட்டவணையில் 2001 முதல் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்தது என்று யாராவது பவளம் விற்றால், வாங்குவதும் குற்றம்தான்.

தடுக்க என்ன செய்யலாம்?

• முழங்கை வரை வரும் நைட்ரைல் கையுறை போடுங்கள். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் இது ஒத்துவரும்.

• கையில் வெட்டு, சிராய்ப்பு இருந்தால் ஆறும் வரை தொட்டி வேலையை வேறு ஒருவரிடம் கொடுங்கள்.

• தண்ணீர் மாற்றும் குழாயை வாயால் உறிஞ்சாதீர்கள். தொட்டித் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டாதீர்கள்.

• வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, தேங்காய் எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ தடவுங்கள்.

• எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், கீமோ எடுப்பவர்கள் தொட்டிக்குள் கை வைக்காமல் இருப்பதே நல்லது.

இத்தனைக்கும் பயந்து தொட்டியை விற்க வேண்டாம். மருத்துவர் முன் உட்காரும்போது 3 விஷயம் சொன்னால் போதும்: வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது, கடைசியாக இந்தத் தேதியில் கை வைத்தேன், கட்டி இந்தத் தேதியில் வந்தது. அவர் கேட்கா விட்டாலும் நீங்களே சொல்லிடுங்க.

(இது பொதுவான தகவலுக்காக மட்டுமே. சிகிச்சைக்கு மருத்துவரை அணுகவும். ஆலோசனைக்கு 104 என்ற எண்ணையும் அழைக்கலாம்.)