பேர் வாயில் வராத கலைஞர்



குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகுக்காகக் காத்திருந்தேன். ஆனி மாதம். நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குப் போகும் சனங்களால் துறை நிறைந்திருந்தது. பக்கத்தில் நின்ற முதியவர் ஒருவர் 'ஆதிபராசக்தி' படத்தில் அபிராமிப் பட்டர் பாடும் பாட்டை மெல்ல முணுமுணுத்தார். பாதியில் நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மாஸ்ரர், அந்தப் படத்திலை பட்டராய் வந்தவர் ஆர்? ஆள் கண்ணுக்குள்ளை நிக்குது, பேர்தான் வாயிலை வருகுதில்லை."

"எஸ். வி. சுப்பையா, ஐயா."

"ஓமோம், சுப்பையா!" என்றவர் முகம் மலர்ந்தது. அதற்குள் படகு வந்துவிட்டது.

முகம் நிற்கிறது, பெயர் நிற்பதில்லை. குணசித்திர நடிகர் பலருக்கும் இதுவே விதி. ஆயினும் சுப்பையாவைப் பொறுத்தவரை இது மறதி மட்டுமன்று, அவருடைய கலையின் இயல்பும் இதில் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம்.

நான் அவரை முதலில் அறிந்தது குரலாகத்தான். 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவின் வலுவில் வானொலி கேட்டோம். தமிழ்நாட்டு வானொலியில் திரைப்பட ஒலிச்சித்திரம் வரும். கதாநாயகனின் முழக்கத்துக்கு நடுவே, சற்றுக் கரகரத்து, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு ஒரு குரல் கேட்கும். அது பேசினால் பெடல் சுற்றும் பையனும் காதைத் தீட்டிக்கொள்வான்.

செங்கோட்டைக்காரரான சுப்பையா, சிறுவயதிலேயே நாடகக் கம்பனியில் சேர்ந்து, டி. கே. எஸ். சகோதரர்களின் குழுவில் பயின்றவர். தெளிந்த உச்சரிப்பும், மற்றவர் பேசும்போது கேட்டுக்கொண்டு நிற்கும் பழக்கமும் அங்கே படிந்தவை. இரண்டாவதுதான் அரிது. மேடையில் பேசப் பலருக்குத் தெரியும். கேட்கத் தெரிந்தவர் சிலரே.

சிவாஜி கணேசனோடு அவர் நடித்த படங்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். 1955இல் 'மங்கையர் திலக'த்தில் சிவாஜிக்கு அண்ணன். 1959இல் 'பாகப்பிரிவினை'யில் அதே சிவாஜிக்குத் தகப்பன். 1961இல் 'கப்பலோட்டிய தமிழ'னில் தோழன். இந்த உறவுகளில் ஒன்றுகூட நமக்குப் பொய்யாகத் தோன்றவில்லை. 'பாகப்பிரிவினை'யில் டி. எஸ். பாலையா அண்ணன், சுப்பையா தம்பி. அண்ணனிடம் அந்தத் தம்பி கொண்ட பாசத்தை நாம் நம்புவதால்தான், வீடு பிரியும்போது நம் நெஞ்சும் பிளக்கிறது. 'பாவமன்னிப்'பில் கிறித்தவரான ஜேம்ஸ், 'அரங்கேற்ற'த்தில் (1973) வறுமையில் வாடும் வைதிகர் ராமு சாஸ்திரிகள் என்று அவர் ஏற்ற வேடங்கள் வெவ்வேறு உலகங்களைச் சேர்ந்தவை.

இவற்றுள் தமிழாசிரியன் என்ற முறையில் நான் தலைவணங்குவது பாரதி வேடத்துக்கே. ம. பொ. சிவஞானத்தின் நூலைத் தழுவி பி. ஆர். பந்துலு எடுத்த 'கப்பலோட்டிய தமிழன்' வ. உ. சிதம்பரனாரின் கதை. 1906இல் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பனியின் கப்பல்கள் ஓடியது தூத்துக்குடிக்கும் நம் கொழும்புக்கும் இடையில் என்பதால் அது நமக்கும் உரிய கதை. படத்தின் நாயகர் சிதம்பரனார். பாரதியோ அவருக்குத் துணை. சுப்பிரமணிய சிவாவாக வந்தவர், சுப்பையா பயின்ற குழுவை நடத்திய சகோதரருள் ஒருவரான டி. கே. சண்முகம்.

மகாகவியை நடிக்கக் கிடைத்தவர் தானே படத்தின் மையமாக நிற்க ஆசைப்பட்டிருக்கலாம். சுப்பையா ஆசைப்படவில்லை. நண்பனின் துணிவைக் கண்டு பூரிக்கிறார், அவன் துன்பத்தைக் கண்டு துடிக்கிறார். நிமிர்ந்த நடையும் கனல் பறக்கும் பார்வையும் பாரதிக்கு உரியன என்பதை நாம் படித்திருந்தோம். நண்பனுக்காகக் கலங்கும் மனமும் அவனுடையதே என்பதைச் சுப்பையா காட்டினார். பாரதியையே நாயகனாக்கி 2000ஆம் ஆண்டில் தனிப்படம் வந்தபின்னும், வகுப்பில் பாரதி பாடம் எடுக்கையில் என் கண்முன் வருவது சுப்பையாவின் முகந்தான். படம் வெளிவந்தபோது வசூலில் தோற்றது. பிற்பாடுதான் அதன் பெருமை உணரப்பட்டது.

பணிந்துபோகும் மனிதரை மட்டுந்தான் அவரால் நடிக்க முடியும் என்று எண்ணியவர்களுக்கு 1971இல் 'ஆதிபராசக்தி' விடை தந்தது. அமாவாசையைப் பௌர்ணமி என்று மன்னனிடம் சொல்லிவிட்ட திருக்கடவூர்ப் பட்டர் அன்னையிடம் முறையிடும் காட்சி அது. கண்ணதாசன் பாட்டு, டி. எம். சௌந்தரராசன் குரல். ஆனால் அந்தப் பட்டர் கைகட்டிக் கெஞ்சவில்லை, பெற்ற தாயிடம் பிள்ளை சண்டை பிடிப்பதுபோல் உரிமையோடு கேட்கிறார். இத்தனை காலம் அடங்கி நின்றவருக்குள் இவ்வளவு நெருப்பு இருந்ததா என்று வியக்கிறோம். பாடியவர் வேறொருவர் என்பதே மறந்துபோகிறது.

இலக்கியத்தை அவர் நேசித்தார் என்பதற்கும் சான்றுண்டு. ஜெயகாந்தனின் 'கைவிலங்கு' கதையை 1969இல் 'காவல் தெய்வம்' என்ற படமாகத் தாமே தயாரித்து, இரக்கமுள்ள சிறையதிகாரியாக நடித்தார். சொந்தப் பணம் போட்டவர் எடுத்துக்கொண்டதும் ஆரவாரமில்லாத வேடமே.

1980இல் சுப்பையா மறைந்தார். நாயகர்களுக்குச் சிலைகள் உண்டு, மன்றங்கள் உண்டு. அவர்களை நாயகர்களாக நாம் நம்பும்படி பக்கத்தில் நின்றவர்களுக்கு நம்முடைய நினைவு ஒன்றுதான் உண்டு.

நேயர்களே, அடுத்தமுறை பழைய படம் ஒன்றைப் பார்க்கும்போது, எழுத்தோட்டத்தில் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வரும் பெயர்களையும் வாய்விட்டு வாசியுங்கள். பிள்ளைகளின் காதிலும் விழட்டும்.