எஃகு ஃபேப்ரிகேஷனில் உற்பத்தித்திறன்

தகடு, ஆங்கிள், சேனல், பீம் ஆகியவற்றை வெட்டி, துளையிட்டு, பற்றவைத்துத் தூண், உத்தரம், டிரஸ், படிக்கட்டு எனக் கட்டுமான உறுப்புகளாக்கும் தொழில் எஃகு ஃபேப்ரிகேஷன். செலவான உழைப்புக்கு எவ்வளவு வேலை முடிந்தது என்பதே அதன் உற்பத்தித்திறன். 1960-களில் திருச்சி அருகே திருவெறும்பூரில் பெல் (BHEL) கொதிகலன் ஆலை வந்தபின் துவாக்குடி, அரியமங்கலம் பகுதிகளில் பெருகிய பட்டறைகள் முதல் பெரிய ஆலைகள் வரை, வழக்கமான அளவுகோல் டன்னுக்கு எத்தனை மனித மணி என்பதுதான். 10 பேர் 8 மணி நேரத்தில் 4 டன் முடித்தால், டன்னுக்கு 20 மனித மணி.

எடையை மட்டும் நம்பினால் இந்தக் கணக்கு ஏமாற்றிவிடும். கனத்த தகட்டுத் தூண் ஒன்றிலேயே பல டன் சேர்ந்துவிடும். அதே எடைக்குக் கைப்பிடிக் கம்பி செய்ய நூற்றுக்கணக்கான துண்டுகளை வெட்டி, ஒவ்வொன்றையும் மட்டம் பார்த்துப் பொருத்த வேண்டும். இரண்டுக்கும் ஒரே டன் விலை பேசினால் கைப்பிடி செய்கிறவர் வயிற்றில்தான் அடி விழும். ஆகவே வேலையை வகை பிரித்து அளப்பதே நியாயம்.

ராடு வைத்துக் கையால் வெல்டிங் செய்யும் இடங்களில் ஷிப்டின் கால்பங்கு அளவே வில் (ஆர்க்) எரிகிறது. பீமின் ஒரு பக்கம் முடித்த வெல்டர் முகமூடியைத் தூக்கிவிட்டு உட்கார்ந்திருப்பார்; பீமைப் புரட்ட வேண்டிய கிரேன் அடுத்த பேயில் தகடு இறக்கிக்கொண்டிருக்கும். அவரைச் சோம்பேறி என்பது பெரிய அநியாயம். 8 மணி நேரத்தில் 2 மணி நேரமே வில் எரிகிறது என்றால், உருக்கும் வேகத்தை இரட்டிப்பாக்கினாலும் மிச்சம் 1 மணி நேரம்தான். கார்பன் டை ஆக்சைடு வெல்டிங்கில் ராடு மாற்றும் நேரமும் மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் கிரேனுக்கான காத்திருப்பை அது குறைக்காது. பீமைச் சுழற்றித் தரும் ரொட்டேட்டர் அதைக் குறைக்கும். வேண்டிய துண்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்த பிறகே ஃபிட்டரிடம் வேலையைக் கொடுப்பதும் உதவும்.

மிகையான வெல்டிங் இன்னொரு இழப்பு. வரைபடம் 6 மி.மீ. ஃபில்லட் (மூலை வெல்டிங்) கேட்கும்; 'பலமாக இருக்கட்டும்' என்று 8 மி.மீ. போடுவார்கள். குறுக்குப் பரப்பு 18-லிருந்து 32 சதுர மி.மீ. ஆகிறது, மீட்டருக்கு 141 கிராம் உலோகம் போதும் என்ற இடத்தில் 251 கிராம் இறங்குகிறது. கூடுதல் சூட்டில் தகடு வளையும். அதை நிமிர்த்தத் தனியாக ஆள்கூலி. துண்டுகளைப் பொருத்தும்போது இடைவெளி அகன்றுபோனாலும் இதே கதைதான். ஃபில்லட் அளவு பார்க்கும் கேஜ் ஒன்றை ஒவ்வொரு வெல்டர் கையிலும் கொடுப்பது, இந்த இழப்பைத் தடுக்க மிகக் குறைந்த செலவுள்ள வழி.