ஆசிரம வாசல் இலுப்பையும் பாட்டன்கர் காட்டு ஓவியரும்: ஜன்கர் சிங் ஷ்யாமைத் தெரியுமா?

திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்குள்ள நுழைஞ்சதும் முன் முற்றத்துல ஒரு பெரிய பழைய மரம் நிக்கும், பார்த்திருப்பீங்க. கிரிவலம் போறவங்க செருப்பைக் கழற்றிட்டு அதன் நிழல்ல கொஞ்சம் நின்னுட்டுப் போவாங்க. அது இலுப்பை. 'ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை'ன்னு பழமொழியில வர்ற அதே மரம்தான்.

இந்த இலுப்பைக்கு மத்தியப் பிரதேசத்துல 'மஹுவா'ன்னு பேரு. இனம் ஒன்றுதான், வகை மட்டும் கொஞ்சம் வேறு. நமக்கு அது கோயில் விளக்குக்கு எண்ணெய் கொடுத்த மரம். அங்கே இருக்கும் கோண்டு பழங்குடிகளுக்கு உணவு, மது, சடங்கு எல்லாமே அந்த மரம்தான். அந்தக் காட்டின் மரங்களையும் விலங்குகளையும் தெய்வங்களையும் உலகமே பார்க்குற மாதிரி வரைஞ்ச ஒருத்தர்தான் ஜன்கர் சிங் ஷ்யாம். இன்ஸ்டாகிராமில் புள்ளியும் கோடுமா நிரப்பிய மான், கொம்பே மரமாகக் கிளைவிடும் ஓவியம் எல்லாம் பார்க்குறீங்களே, அந்தப் பாணி இவர் கையில் பிறந்ததுதான்.

யார் இவர்?

1960-களின் தொடக்கத்துல பாட்டன்கர் என்ற கிராமத்துல பிறந்தவர். ஊர் இப்போ திண்டோரி மாவட்டத்தில் இருக்கு. கோண்டு சமூகத்துக்குள் பர்தான் என்ற பிரிவைச் சேர்ந்தவர். பர்தான்கள் பரம்பரைப் பாடகர்கள். 'பானா' என்ற மூன்று தந்திக் கருவியை வாசித்துக்கிட்டே கோண்டு குடும்பங்களின் வம்சக் கதைகளையும் தெய்வக் கதைகளையும் பாடுவாங்க. அவங்க பெரிய தெய்வமான படாதேவ், சாஜா மரத்தில் குடியிருப்பதா நம்பிக்கை. நம்ம ஊர்ல அதைக் கருமருதுன்னு சொல்வோம்.

காலப்போக்குல பாட்டுக்கு ஆதரவு குறைஞ்சுது. குடும்பத்துல வறுமை. சின்ன வயசுலயே ஜன்கர் கூலி வேலைக்குப் போனார். ஆனா கை சும்மா இருக்கல. வீட்டுச் சுவர்ல வரைவார், மண்ணுல உருவங்கள் செய்வார்.

வாழ்க்கையைத் திருப்பிய சுவர்

போபாலில் பாரத் பவன் என்ற கலை மையம் உருவாகிட்டிருந்த நேரம் அது. அதன் ஓவியப் பிரிவுக்குப் பொறுப்பு, சிம்லாவில் பிறந்த தமிழரான ஓவியர் ஜெ. சுவாமிநாதன். பழங்குடிக் கலைஞர்களைத் தேடி கிராமம் கிராமமா ஆட்களை அனுப்பினார். 1981-ல் அந்தக் குழு பாட்டன்கரில் ஒரு வீட்டுச் சுவர் ஓவியத்தைப் பார்த்து நின்னுது. வரைஞ்சது ஜன்கர்.

அவரைப் போபாலுக்கு அழைச்சுட்டு வந்தாங்க. செம்மண், வெள்ளை மண், கரியைத் தொட்ட கைக்கு முதல் முறையா காகிதமும் பாட்டில் வண்ணமும் கிடைச்சது. 1982-ல் பாரத் பவன் திறந்தப்போ அவர் ஓவியங்களும் அங்கே இருந்தன. 1986-ல் மாநில அரசின் 'ஷிகர் சம்மான்' விருது வந்தது. 1989-ல் பாரிஸின் புகழ்பெற்ற 'பூமியின் மந்திரவாதிகள்' கண்காட்சியில் இடம். போபால் சட்டமன்றக் கட்டடத்தின் சுவர்களிலும் அவர் ஓவியங்கள் இருக்கு.

ஓவியத்துல என்ன ஸ்பெஷல்?

முதல்ல உருவத்தின் வெளிக்கோடு. அப்புறம் உள்ளே முழுக்கப் புள்ளி, சின்னக் கோடு, அலை. அதனால அசையாம நிக்குற மான்கூட மூச்சு விடுற மாதிரி தெரியும். இன்னொரு விஷயம், உள்ளே நிரப்பும் அந்த வடிவம் ஒவ்வொரு கலைஞருக்கும் வேற வேற. கையெழுத்து மாதிரி. பழகிட்டா பேரைப் பார்க்காமலே யார் வரைஞ்சதுன்னு சொல்லிடலாம்.

அதுவரை கோண்டு வீடுகளின் சுவரிலும் தரையிலும் அலங்கார வடிவங்கள் இருந்தன. பாட்டில் மட்டும் வாழ்ந்த தெய்வங்களுக்குக் காகிதத்தில் உருவம் கொடுத்தவர் ஜன்கர். அதனாலதான் இந்தப் பாணியை 'ஜன்கர் கலம்'னே சொல்றாங்க. 'ஆதிகாலத்து ஓவியம்'னு யாராவது விற்றால் நம்பாதீங்க. நம்ம அப்பா அம்மா காலத்தில் ஒரு தனி மனிதர் உருவாக்கிய நவீனக் கலை இது.

ஜப்பானில் முடிந்த பயணம்

2001-ல் ஜப்பானின் நீகாட்டா பகுதியில் இருக்கும் மிதிலா அருங்காட்சியகத்தில் தங்கி வரைஞ்சுட்டிருந்தார். அந்த ஜூலையில் அங்கேயே உயிரிழந்தார். தற்கொலைன்னு சொல்லப்பட்டது. வயசு நாற்பதுகூட ஆகலை.

இந்தியக் கலைஞர்கள் கொதிச்சுப் போனாங்க. ஊருக்குத் தூரமா, மொழி தெரியாத இடத்துல ஒரு பழங்குடிக் கலைஞர் எந்தச் சூழலில் வேலை செய்தார், அவருக்கு என்ன ஊதியம், என்ன பாதுகாப்புன்னு கேள்விகள் எழுந்தன. உலகம் முழுக்க இதே கேள்வி இருக்கு. அடிமைத்தனத்திலிருந்து தப்பித் தென் அமெரிக்காவின் சுரிநாம் மழைக்காட்டுக்குள் வாழ்க்கையை அமைச்சுக்கிட்டவங்க மரூன் மக்கள். அவங்களோட மரச் செதுக்குக் கலையையும் அருங்காட்சியகங்கள் சேகரிச்சிருக்கு. பல இடங்களில் செதுக்கியவர் பெயர் இருக்காது, இனத்தின் பெயர் மட்டும்தான் இருக்கும். காட்டு மக்களின் கலையை ரசிக்கும் உலகம், கலைஞரை மறந்துடுது.

அவருக்குப் பிறகு

ஜன்கர் தனியா வளரலை. உறவினர்களைப் போபாலுக்கு வரவழைச்சு வேலை கற்றுக்கொடுத்தார். மனைவி நன்குசியா ஷ்யாமும் ஓவியர். இரவுக் காவலாளியா வேலை பார்த்த உறவுக்காரப் பையன் பஜ்ஜு ஷ்யாம், அவர்கிட்ட உதவியாளரா சேர்ந்தார். பின்னாடி லண்டனில் ஓர் உணவகச் சுவரில் வரையப் போனார். அந்த அனுபவத்தை 'லண்டன் ஜங்கிள் புக்' என்ற புத்தகமா வரைஞ்சார். அதில் பிக் பென் கடிகாரம் ஒரு சேவல். சுரங்க ரயில் ஒரு மண்புழு! 2018-ல் பத்மஸ்ரீ பெற்றார்.

அந்தப் புத்தகத்தை வெளியிட்டது நம்ம சென்னையின் தாரா புக்ஸ். பஜ்ஜு, துர்கா பாய், ராம் சிங் ஊர்வேதி மூவரும் சேர்ந்து வரைஞ்ச 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' புத்தகமும் 2006-ல் அங்கிருந்துதான் வந்தது. கறுப்புக் கைவினைக் காகிதத்துல, ஒவ்வொரு வண்ணத்தையும் தனித்தனியா கையாலயே ஸ்க்ரீன் பிரின்ட் செய்த மரங்கள். 2008-ல் இத்தாலியின் பொலோன்யா புத்தகக் கண்காட்சியில் விருது வாங்கியது. திருவான்மியூரில் இருக்கும் தாரா புக்ஸ் கட்டடத்துக்குப் போனால் நேரிலேயே புரட்டிப் பார்க்கலாம்.

வாங்கும் முன் இதைக் கவனிங்க

கோண்டு ஓவியத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. ஆனாலும் டி-ஷர்ட், மொபைல் கவர்னு எங்கேயும் பிரின்ட் போட்டு விக்குறாங்க. நீங்க வாங்கும்போது:

1. ஓவியர் பெயர் இருக்கான்னு பாருங்க. வெறும் 'ட்ரைபல் ஆர்ட்'னு இருந்தா பெயரைக் கேளுங்க.

2. கையால் வரைஞ்சதா, பிரின்ட்டான்னு கேளுங்க. பிரின்ட்னா கலைஞருக்குப் பங்கு போகுதான்னும் கேளுங்க.

3. கலைஞர்கிட்டயே நேரடியா வாங்க முடிஞ்சா பேரம் பேசாதீங்க. அந்தப் புள்ளிகளை ஒவ்வொண்ணா வைக்க எத்தனை மணி நேரம் ஆகும்னு ஒரு மூலையை மட்டும் எண்ணிப் பார்த்தாலே புரியும்.

4. ஸ்டோரியில் பகிர்ந்தால் பெயரையும் சேர்த்துப் போடுங்க. காசு செலவில்லாத மரியாதை அது.

வரையணும்னு ஆசை வந்தா, ஜன்கரின் மானைக் காப்பி அடிக்க வேண்டாம். அவர் வரைஞ்சது அவர் ஊர்க் காட்டை. உங்களுக்கு அருணாசல மலை இருக்கு. மொட்டையா கிடந்த அதில், 1980-களின் கடைசியிலிருந்து பலர் மரம் நட்டுப் பச்சையாக்கிட்டு வர்றாங்க. ஆசிரமத்து மயில், குரங்கு, இலுப்பைன்னு வரைய எவ்வளவோ இருக்கு. உங்களுக்கான புள்ளியைக் கண்டுபிடிங்க.