அச்சமும் இனிக்கும்!

கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலின் அருகிலிருந்து ஆகாயகங்கை அருவிக்கு இறங்கிச் சென்றிருக்கிறீர்களா? ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள்! இறங்குவது எளிது, திரும்பி ஏறும்போதுதான் மூச்சு வாங்கும், கால் துவளும். அந்த நேரத்தில் படியோரம் பாம்பொன்று சரசரவென்று ஊர்ந்தால்? களைப்பை மறந்து விறுவிறுவென்று ஏறிவிடுவீர்கள். அப்போது உங்கள் இரத்தத்தில் சர்க்கரை சற்றே கூடியிருக்கும். நீங்கள் எதையும் உண்ணவில்லையே, அந்தச் சர்க்கரை எங்கிருந்து வந்தது?

இக்கேள்விக்கு விடை காண அறிவியலுக்குப் பல்லாண்டுகள் ஆயின.

கல்லீரல் ஒரு கிடங்கு

தாவரங்களே சர்க்கரையை உண்டாக்கும், விலங்குகள் அதை உண்டு செலவழிக்க மட்டுமே செய்யும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். பிரெஞ்சு அறிஞர் கிளாட் பெர்னார் 1848ஆம் ஆண்டில் இந்நம்பிக்கையை உடைத்தார். இறைச்சி மட்டுமே தின்ற நாயின் கல்லீரலிலிருந்து வெளியேறும் இரத்தத்தில் சர்க்கரை இருப்பதைக் கண்டார். பின்னர், கல்லீரல் ஒன்றில் நீரைச் செலுத்திச் சர்க்கரை முழுவதையும் கழுவிவிட்டு, அதை அப்படியே வைத்தார். மறுநாள் அதில் மீண்டும் சர்க்கரை இருந்தது! மூலப்பொருள் உள்ளேயே இருக்க வேண்டும் அல்லவா? 1857இல் அதைப் பிரித்தெடுத்து, கிளைக்கோஜன் என்று பெயரிட்டார்.

கிடங்கைத் திறக்கும் சாவி

சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருப்பவை அட்ரீனல் சுரப்பிகள். அவற்றிலிருந்து அட்ரீனலினைத் தூய்மையாகப் பிரித்த செய்தியை 1901இல் ஜப்பானிய அறிஞர் தாக்காமினே வெளியிட்டார். அச்சத்தில் சுரக்கும் இந்த ஹார்மோன் கல்லீரலின் கிளைக்கோஜனைச் சர்க்கரையாக மாற்றுகிறது. அமெரிக்க அறிஞர் வால்டர் கேனன், நாய் குரைத்து மிரட்டிய பூனையின் சிறுநீரில் சர்க்கரையைக் கண்டு 1911இல் எழுதினார். 1913இல் முக்கியமான கால்பந்தாட்டம் ஒன்று முடிந்ததும் ஹார்வர்டு அணியினர் 25 பேரைச் சோதித்தபோது 12 பேரின் சிறுநீரில் சர்க்கரை இருந்தது. அவர்களில் 5 பேர் களத்தில் இறங்காமல் பதற்றத்துடன் காத்திருந்த மாற்று ஆட்டக்காரர்கள்!

பூட்டு எங்கே?

திறந்த கிடங்கை மூட வேண்டாமா? அந்த வேலையைச் செய்வது கணையத்தின் இன்சுலின். அது கல்லீரலை அடக்குகிறது. தசைகளுக்குள் சர்க்கரையை ஏற்றுகிறது. 1889இல் மின்கோவ்ஸ்கியும் மேரிங்கும் கணையத்தை அகற்றிய நாய்க்கு நீரிழிவு வந்தது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1936இல் லாங், லூகன்ஸ் இருவரும் கணையம் நீக்கிய பூனைகளின் அட்ரீனல் சுரப்பிகளையும் அகற்றினார்கள். நீரிழிவின் கடுமை தணிந்தது! இன்சுலின் குறைவு மட்டுமன்று, அதை எதிர்க்கும் ஹார்மோன்களும் நோயை வளர்க்கின்றன என்று புரிந்தது.

1980இல் ஷாமூன், ஹெண்ட்லர், ஷெர்வின் ஆகிய மூவரும் இதை மனிதரிடமே காட்டினார்கள். இன்சுலின் செலுத்தப்பட்டு வந்த நீரிழிவு நோயாளிகளுக்கு அட்ரீனலின், குளுக்ககான், கார்டிசால் ஆகியவற்றைக் கொடுத்தபோது, நலமுள்ளவர்களைவிட அவர்களுக்குச் சர்க்கரை அதிகமாக ஏறியது. காரணம் எளிது. நலமுள்ளவரின் கணையம் தேவைக்கேற்பக் கூடுதல் இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டும்; நோயாளியின் கணையத்தால் அது இயலாது.

நமக்கு என்ன பயன்?

காய்ச்சல், காயம், அறுவைச் சிகிச்சை எல்லாமே உடலுக்குப் பாம்பைக் கண்ட நேரம்தான். அப்போது நோயாளி பட்டினி கிடந்தாலும் கல்லீரல் சர்க்கரையைக் கொட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே, "சாப்பிடவே இல்லை, இன்று இன்சுலின் எதற்கு?" என்று ஊசியைத் தாமாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அளவை மருத்துவர் சொல்லட்டும்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. நெடுநாளாக இன்சுலின் போடுபவர் சிலருக்குச் சர்க்கரை தாழும்போது குளுக்ககானும் அட்ரீனலினும் போதிய அளவு சுரப்பதில்லை. கிடங்கு இருந்தும் சாவி வந்து சேராது. அத்தகையவர் ஆகாயகங்கைப் படிகளில் உங்களுடன் ஏறினால் அவர் பையில் சிறிது சர்க்கரை இருக்கட்டும். அவருக்குத் திடீரென்று வியர்த்து, பேச்சுக் குழறினால், களைப்பு என்று எண்ணி விட்டுவிடாமல் உடனே அதைக் கொடுங்கள். நினைவிழந்தவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள். மருத்துவ உதவியை நாடுங்கள்.