மண்ணின் பதமும் மந்தையின் குளம்பும்

செம்பூரை அடுத்த டிராம்பேயில் 1965 முதல் உர ஆலை இயங்கி வருவதை நம்மவர் பலரும் அறிவர். தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் குடியேறிய தமிழர் பலருக்குச் சொந்த ஊரில் இன்னும் சிறிது நிலம் உண்டு. "உரம் இட்டும் நிலம் இறுகிக் கிடக்கிறது" என்று அங்கிருந்து செய்தி வருமாயின் நாம் வியப்படைய வேண்டுவதில்லை. உரம் பயிருக்கு உணவாகும். காற்றும் நீரும் புகுவதற்குரிய நுண்துளைகளை அது மட்டும் உண்டாக்கிவிடாது. இதனை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர்.

ஒரு பலப் புழுதி கால் பலமாகும்படி உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டியதில்லை என்பது வள்ளுவர் கருத்து. அவரே அடுத்த குறளில், உழுவதைவிட எருவிடுதல் நன்று என்கிறார். மண்ணின் பதம் ஒரு செயலால் மட்டும் அமைவதன்று என்பது இவ்விரண்டையும் சேர்த்து நோக்கின் விளங்கும்.

மேய்ச்சலுக்கும் முறை இருந்தது. கொங்கு நாட்டில் காங்கேயம், தாராபுரம் வட்டாரங்களிலுள்ள கொறங்காடுகளைக் காண்க. கிளுவை வேலி சூழ, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளரும் நிலங்கள் அவை. உழவர் கால்நடைகளை ஒரு காட்டில் மேய்த்து, மற்றொன்றை ஓய்வாக விடுவர். ஈர மண்ணைக் குளம்பு மிதித்தால் துளைகள் அடைபடும்; புல் அற்ற தரையில் மழைத்துளி மோதினால் மேற்பரப்பு ஓடுபோல் இறுகி, நீர் உள்ளே இறங்காமல் ஓடிவிடும். ஓய்வு பெற்ற புல்லின் வேர்களோ மண்ணை மீண்டும் இளக்கும்.

சோழ நாட்டில் அறுவடை முடிந்து வயல் காய்ந்தபின், இராமநாதபுரம் சீமையிலிருந்து வரும் கீதாரிகள் ஆட்டுக்கிடை போடுவது வழக்கம். இரவு முழுதும் ஆடுகள் இடும் புழுக்கை, பின்னர் உழவில் கலந்து மண்ணைப் பொலபொலப்பாக்கும். கோடையில் ஏரி வண்டலை வண்டியில் ஏற்றி மணற்பாங்கான நிலத்தில் பரப்பினால், அந்நிலம் ஈரத்தைக் காத்துக்கொள்ளும்.

1889-இல் இந்தியா வந்த ஆங்கில வேளாண் இரசாயன அறிஞர் வோல்க்கர், 1893-இல் வெளியான தம் அறிக்கையில் இந்நாட்டு உழவரின் திறமையைப் பாராட்டினார்.

ஏரும் குளம்பும் மண்ணுக்குப் பகையல்ல. காலமறியாமல் அவற்றைப் பயன்படுத்துவதே பகை. ஈர நிலத்தில் கனத்த டிராக்டர் ஓடினாலும் விளைவு அதுவே. எனவே, ஊரிலுள்ள நிலத்தைக் குத்தகைக்கு விடும் அன்பர்கள், தொகையை மட்டும் பேசி முடித்துவிடலாகாது. ஈரத்தில் உழாமையையும், வண்டலையும், கிடையையும் பற்றி ஒரு சொல் சேர்த்துப் பேசுவார்களாக. நாம் திரும்பிச் செல்லும் நாளில் அந்த மண் நம்மை ஏற்க வேண்டுமன்றோ!